எந்தத் தொந்தரவு உனக்கு ஒத்துவரும்?

நேயர்களுக்கு வணக்கம். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் வேலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் தாராளம். ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் அதற்குள் வெளியே எடுத்துவிடுவோம். ஆனால் பேச்சு லிஃப்ட் மாதிரி நாம் நினைத்த மாடியில் நிற்காது. பார்ப்போம்.

இது ஜனவரி மாதம். நம் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு முடிவுக்காகப் பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. கொஞ்சம் மெதுவாகப் படிக்கும் பிரிவான வழக்கநிலையில் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு டிசம்பரிலேயே முடிவு வந்துவிட்டது. அந்த வீடுகளில் ஒரு ரவுண்டு அழுகையும் முடிந்திருக்கும். இனி காப்பிக்கடை, கோயில், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை பாயிண்ட்?”

நம் கணக்கில் பாயிண்ட் குறைந்தால்தான் நல்லது. இது நமக்குப் பழகிவிட்டது. என் மகனுக்கு ஒன்பது பாயிண்ட் வந்த அன்று ஊரிலிருந்த என் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பரவாயில்லப்பா, மனச விடாத, அடுத்த தடவை நல்லா எழுதுவான்” என்றார். ஒன்பது மார்க் என்று நினைத்துக்கொண்டார்! விளக்கிச் சொல்வதற்குள் போன் கார்டில் பாதிக் காசு போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் தொடக்கக் கல்லூரியா, டிப்ளோமா தரும் பலதுறைத் தொழிற்கல்லூரியா, கைத்தொழில் சொல்லித்தரும், ஐடிஇ என்று நாம் சொல்லும் தொழில்நுட்பக் கல்விக் கழகமா? இதில் எது உசத்தி என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன். உங்கள் பிள்ளைக்கு எந்தத் தொந்தரவு ஒத்துவரும்? தொந்தரவு இல்லாத வேலை கிடையாது. கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு தொந்தரவு, தாதிக்கு ஒரு தொந்தரவு, லிஃப்ட்காரனுக்கு ஒரு தொந்தரவு. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் பதினாறு வயதில் கேம் பிடிக்கும், பபிள் டீ பிடிக்கும். எந்தத் தொந்தரவோடு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதைப் பெற்றவர்கள்தான் பார்க்க முடியும், பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. 1979இல் விஐடிபி என்று ஒன்று வந்தது, தொழிற்பயிற்சிக் கழகம். என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் சேர்ந்து என்டிசி-3 சான்றிதழ் வாங்கினேன். 1992இல் அந்த விஐடிபிதான் ஐடிஇ ஆனது. பெயர் மாறியதும் ஊரில் ஒரு கிண்டலும் பிறந்தது. ஐ, டி, இ, “இட்ஸ் தி எண்ட்” என்று. உங்களுக்கும் தெரியும். சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏர்கான் ஒழுகினால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதை விடுங்கள்.

இப்போது ஒரு பையன் கதை. என் வீட்டில் எல்லாரும் நூறு தடவை கேட்டது. “அப்பா, ரேடியோவிலும் அதையேவா?” என்று கிளம்பும்போதே மகள் கேட்டாள். ஆமாம், அதையேதான்.

வடக்கே ஒரு பழைய வீவக புளோக், அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகள், பன்னிரண்டு மாடி. முன்பெல்லாம் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதே, நினைவிருக்கிறதா? ஐந்தில் இறங்கி, அரிசி மூட்டையோடு இரண்டு மாடி ஏறுவோமே? 2001இல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் ஆரம்பித்து அப்படிப்பட்ட புளோக்குகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். இதுவும் அப்படி மாறியதுதான். புது லிஃப்ட், நல்ல லிஃப்ட். ஒரு மார்ச் மாதம் புகார் வர ஆரம்பித்தது. கதவு மூடவில்லை. மூட வரும், பாதியில் திறந்துகொள்ளும். மறுபடி வரும், மறுபடி திறக்கும். உள்ளே இருக்கும் பாட்டி உங்களைத்தான் முறைப்பார், நீங்கள்தான் பொத்தானை அமுக்குகிறீர்கள் என்று.

கதவுப் பழுது எங்களுக்குச் சாதாரணம். லிஃப்டில் வரும் பழுதில் பெரும்பாலானவை கதவில்தான். கதவு ஓடுகிற கீழ்ப் பள்ளத்தில் ஐஸ்கிரீம் குச்சி, பத்துக் காசு, வாழைப்பழத் தோல், ஒரு தடவை தோடுகூட எடுத்திருக்கிறேன். கூட்டிவிட்டு வந்தோம். மறுநாள் சாயங்காலம் அதே புகார். கதவை இழுக்கும் பெல்ட்டை மாற்றினோம். மறுபடி. கதவின் கண், சென்சார், அதையே புதிதாகப் போட்டோம். மறுபடி. நாங்கள் பகலில் போய்ப் பார்த்தால் கதவு சொன்ன பேச்சு கேட்கும். எஞ்சினியர் மடிக்கணினியோடு வந்தார், பதிவைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். ஏப்ரலில் பழுது தானாக நின்றுவிட்டது. நாங்கள்தான் சரிசெய்தோம் என்று நினைத்துக்கொண்டோம். மேலதிகாரி பாராட்டினார்கூட.

செப்டம்பரில் திரும்ப வந்தது.

அப்போது என்னோடு ஐடிஇயிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பையன். கணிதத்தில் வாங்கியதை வெளியே சொல்ல மாட்டான். என்னை “அங்கிள்” என்பான். அதிகம் பேச மாட்டான். அவன் ஒருநாள், “அங்கிள், நான் இங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டுமா?” என்றான். எதற்கு, எவ்வளவு நேரம் என்றேன். “தெரியல அங்கிள்” என்றான். உட்கார் என்று விட்டுவிட்டேன். வேலை முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின், எட்டாவது மாடிப் படிக்கட்டில் ஒரு ரொட்டியும் மைலோ பாக்கெட்டும் வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தான். மூன்று! கையில் ஒரு பழைய நோட்டு. மணி, மாடி, கதவு எத்தனை தடவை திறந்தது, இதைத்தான் எழுதினான்.

இரண்டாவது நாள் மழை. அன்று ஒரு பழுதும் இல்லை. அவனுக்கு அங்கேதான் பொறி தட்டியிருக்கிறது. மூன்றாவது நாள் ஆறரை மணிக்கு எனக்குப் போன் செய்தான். “அங்கிள், வெயில்.”

இங்கே ஒரு படம் வரைந்து காட்டினால் சுலபம், வானொலியில் முடியாது. உங்கள் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் எதிரெதிராக வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம். இடது கை கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புகிறது, வலது கை வாங்குகிறது. நடுவில் ஆள் நின்றால் ஒளி போய்ச் சேராது, கதவு திறந்துகொள்ளும். லிஃப்ட் கதவின் கண் அவ்வளவுதான். இப்போது வலது கை மேல் நேராகச் சூரியன் அடித்தால்? அந்த வெளிச்ச வெள்ளத்தில் அதற்குத் தன் ஒளி தெரியாது. ஆள் நிற்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறக்கும்.

அந்த லிஃப்டில் ஒளியை வாங்குகிற பக்கம் நேர் மேற்கைப் பார்த்திருந்தது. எதிரே இருந்த ஒரு பழைய கட்டடத்தை அதற்கு முந்தைய வருஷம் இடித்திருந்தார்கள். அதுவரை மறைத்துக்கொண்டிருந்தது அதுதான். கீழ் மாடிகளை மட்டும் கார் நிறுத்துமிடக் கட்டடம் இன்னும் மறைத்தது, அதனால் ஐந்துக்கு மேல்தான் பழுது. சூரியன் நேர் மேற்கில் இறங்குவது வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச்சில், செப்டம்பரில். மற்ற மாதங்களில் வடக்கே, தெற்கே தள்ளிப்போய்விடும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. செலவு? இரண்டு பக்கத்தையும் மாற்றிப் போட்டோம். வாங்குகிற பக்கம் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு வெள்ளி செலவில்லை.

எஞ்சினியர் கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் படித்த படிப்பு இல்லாமல் அந்த லிஃப்டே கிடையாது. ஆனால் அவருக்கு ஒத்துவரும் தொந்தரவு வேறு. அவர் இரவு முழுக்கக் கணக்கோடு உட்காருவார். படிக்கட்டில் மைலோவோடு உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். இந்தப் பையனைக் கணக்கின் முன்னால் உட்கார வைத்தால் அதே கால்மணி நேரம்தான்.

பையன் சாமர்த்தியசாலி என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மார்க் குறைவு, அதனால் கைவேலைக்குத் தள்ளு என்பது தப்பு. அப்படி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடியாத பழுது வந்தால் அவர்கள் பாகத்தை மாற்றிவிட்டு ஓடிவிடுவார்கள். பொறுமை இல்லாதவனுக்குக் கைவேலை நரகம். நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள், லிஃப்ட் குழிக்குள் காற்று வராது, கையில் ஒட்டிய கிரீஸ் சோறு சாப்பிடும்போதும் மணக்கும். என் மனைவி ஒரு சோப்பைத் தனியாக வைத்திருப்பாள், அதை யாரும் தொடக் கூடாது.

சம்பளத்தையும் மறைக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், முழுநேர வேலைக்குப் போன புதிய பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் மாதம் 4,300 வெள்ளியைத் தாண்டியது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முடித்தவர்களுக்கு 2,800 வெள்ளி. ஐடிஇ முடித்தவர்கள் அதற்கும் கீழே ஆரம்பிக்கிறார்கள். “கையில் தொழில் இருந்தால் போதும், பட்டம் எதற்கு” என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டம் வாங்கியவர்கள்தான். நான் வாங்காதவன், அதனால் சொல்கிறேன்: இடைவெளி இருக்கிறது, ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கிறது.

என் வீட்டில் இரண்டும் உண்டு. மகன் ஒன்பது பாயிண்ட்காரன், தொடக்கக் கல்லூரிக்குப் போனான். முதல் வருஷம் தூக்கமில்லை, பாதி நாள் கண்ணீர். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. சரி, இவனுக்கு இது ஒத்துவரும் தொந்தரவு என்று புரிந்துகொண்டேன். மகள் வழக்கநிலையில் படித்தவள். பாட்டி படுக்கையில் கிடந்தபோது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தது அவள்தான். முகம் சுளித்ததில்லை. சீமெய் ஐடிஇயில் தாதிமை படிக்கப் போகிறேன் என்றபோது, சொந்தத்தில் ஒருவர் என் எதிரிலேயே, “மார்க் இல்லன்னா வேற என்ன பண்றது” என்றார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அவள் நைட்டெக் என்ற ஐடிஇ சான்றிதழ்ப் படிப்பை முடித்து, வார்டில் வேலை பார்த்து, அப்புறம் டிப்ளோமா படித்துப் பதிவுபெற்ற தாதியானாள். அதே சொந்தக்காரர் போன வருஷம் முட்டி அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் போட்டார். ஒரு மணி நேரம் பேசினாள். என்னைவிட நல்லவள்.

அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அறிவிப்பாளர் தங்கச்சி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டு வார்த்தையா? நிமிடம்தானாம். எழுதிக்கொண்டு வந்ததில் பாதி அப்படியே இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன்.

ஒன்று, கல்லூரிகள் எல்லாரையும் உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டும் வாசல் திறப்பு நாளில் போனால் மேடைப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பட்டறைக்குள் போங்கள். சீமெய், சுவா சூ காங், அங் மோ கியோ, மூன்று ஐடிஇ வளாகத்திலும் நன்றாகச் சுற்றிக் காட்டுவார்கள். பிள்ளை எந்த மேசையில் நின்றுவிடுகிறது என்று பின்னால் நின்று பாருங்கள்.

இரண்டு, முன்கூட்டியே சேர்க்கும் முறை. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஆர்வத்தைக் காட்டி பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் ஐடிஇக்கும் விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதே கடைசி வாரத்தில்தான். இந்த வருஷம் உயர்நிலை நான்கில் இருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே பள்ளியில் கேளுங்கள்.

மூன்று, காசு. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஐடிஇ முடித்து, முப்பது வயதுக்குள் டிப்ளோமாவில் சேர்கிற சிங்கப்பூரர்களுக்குக் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, டிப்ளோமா முடித்தால் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளி. மகள் ரொம்ப முன்னாடியே முடித்துவிட்டாள், அவளுக்குக் கிடைக்காது. அதைச் சொன்னால் இன்னும் கோபப்படுவாள்.

நான்காவது தேசிய சேவை பற்றி. அந்த இரண்டு வருஷத்தில் பையன்கள் மனம் எப்படி மாறும் என்று, அதை... இல்லை, தங்கச்சி இப்போது ஒரு விரல்தான் காட்டுகிறார்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று எல்லாரும் கேட்பார்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னும் லிஃப்ட் வேலையில்தான் இருக்கிறான், அவனுக்குக் கீழே எட்டுப் பேர். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான். எங்கள் புளோக் லிஃப்டில் ஏறி வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, “அங்கிள், ஒன்பதாவது மாடியில் கதவு ஒரு மாதிரி சத்தம் போடுது, கேட்டீங்களா?” என்றான். எனக்குக் கேட்டிருக்கவில்லை. இலையில் பலகாரம் அப்படியே இருக்க, இரண்டு பேரும் போய் அதில் மேலும் கீழும் ஆறு தடவை போய்வந்தோம். வணக்கம்.