அந்த அறையின் சாவியைக் கொடுங்கள்

பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, இந்த வெயிலிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த வியாபாரிப் பெருமக்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். பந்தல் போட்ட இளைஞர்களுக்கும் மோர் வழங்கிய குடும்பத்தாருக்கும் என் நன்றி.

சட்டம், சாக்கடை, துணிப்பை என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். நம் சந்தையில் மட்டும் கொத்தமல்லிக் கட்டு இன்னும் கேரி பையில்தான் வருகிறது. அதிகாரி வந்தால் பை கல்லாவுக்கு அடியில் ஒளிகிறது, போனதும் மேலே வருகிறது. ‘தன் கையே தனக்கு உதவி’ என்றார்கள் பெரியவர்கள். அந்தக் கையில் பை இருக்க வேண்டாமா?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. வெறுங்கையோடு சந்தைக்கு வந்துவிட்டேன். மெல்லிய பையில் இரண்டு கிலோ தக்காளி. பஸ் படியில் கால் வைத்ததும் பையின் காது அறுந்தது. தக்காளி உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. நடத்துனர் விசில் ஊதாமல் நின்றார். அப்போது ஒரு பாட்டி இறங்கி வந்தார். இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பையை உதறி விரித்து, “இதில் போடு தம்பி” என்றார். அது அவர் மகன் கல்யாணத்துத் தாம்பூலப் பை. பேரன் இப்போது கல்லூரிக்குப் போகிறானாம்! மணமக்கள் பெயர் மங்கிவிட்டது, காதில் மட்டும் புதிய சிவப்பு நூலில் தையல். அடுத்த வாரம் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

அந்தச் சிவப்பு நூல்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நம் ஊரில் தையல் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்! கடைகளிலோ துணி போலத் தோன்றும் ‘நான்-ஓவன்’ பைகள் தொங்குகின்றன. பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்கேதான். காடாத் துணி வேண்டுமா, ஈரோட்டில் கிடைக்கிறது. தைக்க நம் சகோதரிகள் இருக்கிறார்கள். தன் கையே தனக்கு உதவி!

சாக்கடையைப் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் அவர்களே, சந்தை வாசலில் பூட்டிக் கிடக்கும் அறையை மகளிர் குழுக்களுக்குத் தையற்கூடமாக ஒதுக்குங்கள். சாவியை இந்த மேடையிலேயே கேட்கிறேன்.