மாடக்குளத்துக்குக் கீழே மதுரை

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மதுரையில் ஊர்ப் பெயர் என்று பேச்செடுத்தால் முதலில் கதைதான் வரும். சிவன் சடையிலிருந்து மதுரம் சிந்தியதால் மதுரை. பாம்பு வாலைக் கவ்வி எல்லை காட்டியதால் ஆலவாய். மீனாட்சிக்குத் தாலி செய்த இடம் திருமங்கலம். சோழன் வந்தான், சோழவந்தான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதைகள், நானும் சொல்வேன். ஆனால் அழகர்மலைக் குகையில், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்தில், ஒரு பொன்கொல்லரின் ஊர் 'மதிரை' என்று வெட்டியிருக்கிறது. அந்தத் 'தி'க்குப் புராணத்தில் பதில் இல்லை.

என்னைக் கேட்டால், இந்தச் சீமையில் பாதி ஊருக்குப் பெயர் வைத்தவர் ராஜாவும் இல்லை, புலவரும் இல்லை; வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். சாட்சி, பழங்காநத்தத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கும் மாடக்குளம் கண்மாய். பாண்டியர் கல்வெட்டுகளில் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று வருகிறது. கீழ் என்றால் தாழ்வு இல்லை. 'கண்மாய்க்குக் கீழே ரெண்டு ஏக்கர்' என்கிறோமே, அந்தக் கீழ். மடையைத் திறந்தால் தண்ணீர் பாயும் பக்கம். பாண்டியனின் தலைநகரம், அதற்கே விலாசம் ஒரு கண்மாய்! இன்றைக்கு நாம் தலைகீழாக்கி, மதுரையில் இருக்கிற மாடக்குளம் என்கிறோம்.

இப்போது டவுன் பஸ் போர்டைப் படியுங்கள். தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், தத்தனேரி. உயர் நீதிமன்றக் கிளை 2004இல் வந்து உட்கார்ந்த இடம் உலகனேரி. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று மனு எழுதும் நண்பர்கள், மேலே விலாசம் எழுதும்போது ஊர்ப் பெயரைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கலாம்.

மேற்கே போனால் உசிலை மரம், உசிலம்பட்டி. கிழக்கே ஒற்றைக் கடை, ஒத்தக்கடை. அதை ஒட்டிய நரசிங்கத்துக்கு மட்டும் ஆண்டுக் கணக்கே சொல்லலாம்: யானைமலையைக் குடைந்து மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்தது கி.பி. 770. சாமி பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது.

அப்புறம், ராஜா இல்லாதவர்களும் பெயர் வாங்கியிருக்கிறார்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க வைத்தார். அந்த வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரிக்கு ஒரு வீதி, சர்வேயர் மாரட்டுக்கு ஒரு வீதி. கோட்டை இடித்தவர்களுக்கு வீதி கிடைத்த ஊர் நம்முடையது!

கடைசியாக மாட்டுத்தாவணி. தாவணி என்றால் மாடு கட்டி விற்கும் சந்தை. 1999இல் அங்கே பஸ் ஸ்டாண்டு வந்தது, பிறகு எம்.ஜி.ஆர். பெயரும் வைத்தார்கள். மரியாதையான காரியம்தான். ஆனால் திருச்சியில் பஸ் ஏறி, 'எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் ஒரு டிக்கெட்' என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊரிலே என்பார் கண்டக்டர்.