பத்து வயதுப் பையன் சொன்ன தீர்ப்பு

நடுவர் அவர்களுக்கும் பட்டுக்கோட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம். மாயக்கதை நாவலின் தரத்தைச் சொல்ல வேண்டியவர் விமர்சகரா, வாசகரா? நான் வாசகர் அணி. எதிரணி நண்பர் அமெரிக்காவின் பெரிய விமர்சகர் எட்மண்ட் வில்சனைத் துணைக்கு அழைத்து வந்தார். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதை நாவலைச் சிறுபிள்ளைக் குப்பை என்று 1956இல் எழுதியவர் அவர். சரி, ஒரு சிறுபிள்ளையையே நான் சாட்சிக்கு அழைக்கிறேன்!

1936, லண்டன். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் ஒரு பிரதி வந்தது. அதே டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' என்ற குள்ளர் கதை. படித்துக் கருத்துச் சொல்ல யாரிடம் கொடுத்தார்? பண்டிதரிடமா? பேராசிரியரிடமா? தன் மகன் ரேனரிடம்! வயது பத்து. கூலி ஒரு ஷில்லிங். பையன் காசை வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதினான்: கதை நன்றாக இருக்கிறது, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கவனியுங்கள் தாய்மார்களே, சொல்கிறவனுக்கு வயது பத்து! ஒன்பது வயதுக்காரன் எல்லாம் அவன் கண்ணுக்குச் சின்னப் பையன்! அந்த ஒரு ஷில்லிங் தீர்ப்பை நம்பி 1937இல் புத்தகம் வந்தது, விற்றது.

அதோடு விட்டானா? வளர்ந்து அப்பாவின் நிறுவனத்திலேயே சேர்ந்தான். டோல்கீனின் அடுத்த நாவல்தான் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', மூன்று பாகம். ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம், ஆனால் இது மேதையின் படைப்பு என்று அப்பாவுக்கு எழுதினான். நீ அப்படி நம்பினால் அந்த ஆயிரத்தை இழக்கலாம் என்று பதில் வந்தது. 1954இல் முதல் பாகம் வெளிவந்தது. 1997இல் பிரிட்டன் வாசகர்கள் வாக்களித்து, நூற்றாண்டின் சிறந்த புத்தகம் என்று அந்த நாவலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கவிஞர் ஆடன் போன்றோர் ஆரம்பத்திலேயே பாராட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; விமர்சகர் எல்லாரும் எனக்கு எதிரி அல்லர்.

ஆனால் நண்பர் இன்னொன்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "கடைமடைக்குத் தண்ணீர் வராத ஊரில் குள்ளர் கதையும் மோதிரக் கதையும் எதற்கு?" இதை நான் விடமாட்டேன். நானும் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரன். மேட்டூர் திறந்த செய்தி பத்திரிகையில் வந்த பிறகும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாங்கள். தண்ணீருக்குக் காத்திருப்பவன் கதை கேட்கக் கூடாதா? விடிய விடிய வள்ளித் திருமண நாடகம் பார்த்த நம் பாட்டன்மார் எல்லாம் வயிறு நிறைந்தவர்களா? பசித்தவனுக்குக் கதை எதற்கு என்று கேட்கிறவர் பசித்தவனை அறியாதவர்!

எதிரணி நண்பர் அந்த நாவலின் கடைசிப் பகுதியைப் படித்தாரா? போர் முடிந்து நால்வர் ஊர் திரும்புகிறார்கள். ஊரில் மரங்களையெல்லாம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சாம் என்ற தோட்டக்காரன், ஊர் கூடி விருந்துண்ட மரம் வெட்டுண்டு கிடப்பதைப் பார்த்து அழுகிறான். பிறகு ஊர் ஊராகப் போய்க் கன்று நடுகிறான். தனக்குப் பரிசாகக் கிடைத்த மண்ணில் ஒவ்வொரு கன்றின் வேரடியிலும் ஒரு துளி இடுகிறான். எழுதியவர் முதல் உலகப் போரில், 1916இல், பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1918க்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இறந்துபோனார்கள்.

பெருமக்களே, 2018 நவம்பர் 16 காலையில் நம் தோப்புகளை நினைத்துப் பாருங்கள். கஜா புயல் போன பிறகு என் அப்பா வரப்பில் நின்றார். அவர் தோளில் தூக்கி வளர்த்த தென்னைகள் வேர் மேலே தெரியக் கிடந்தன. அவர் பேசவே இல்லை. மழை விட்டதும் மூன்றடிக் குழி வெட்டி, மணலும் எருவும் போட்டுக் கன்று வைத்தார். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பார்கள். அந்த வயதில் தாம் தின்போமா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அன்று இரவு அந்தக் கடைசிப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சாம் அழுத இடத்தில் என் அப்பா அழுதார். ஆங்கிலம் அறியாத மனிதர், நான் தமிழில் சொல்லச் சொல்ல அழுதார்!

எட்மண்ட் வில்சனுக்கு அந்தப் பக்கங்கள் குப்பை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தென்னை விவசாயிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.