இசைத்தட்டில் உருவான நாயகர்கள்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

1920-களின் அமெரிக்காவை ‘ஜாஸ் யுகம்’ என்று அழைக்கும் வழக்கம் அந்தப் பத்தாண்டிலேயே தோன்றிவிட்டது. மதுவிலக்குச் சட்டத்துக்கு மறைவாக இயங்கிய சாராயக் கூடங்கள், கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு நடனமாடிய இளம்பெண்கள், சிகாகோவின் கும்பல் தலைவர்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றிய சித்திரம் பெரும்பாலும் திரைப்படங்கள் வழியாகவே நம்மை வந்தடைந்திருக்கிறது. அந்தப் படங்களில் பின்னணி இசையாக மட்டுமே ஒலிப்பவர்களை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையின் கலைஞர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒரு தலைமுறையின் ரசனையை மாற்றியவர்கள் அவர்கள். அவர்களை நடன அரங்குகளிலிருந்து வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவை இசைத்தட்டும் அதன் பின்னால் வந்த வானொலியும்.

1920 வரை, கறுப்பினப் பாடகியின் ப்ளூஸ் பாடலை, அதாவது அம்மக்களின் சோகம் தோய்ந்த பாடல் வகையை, தட்டாக வெளியிட்டால் விற்கும் என்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் எண்ணவில்லை. அந்த ஆண்டில் ஓகே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய தட்டு விற்பனையில் எல்லோரையும் வியக்க வைத்த பிறகுதான், கறுப்பின மக்களும் பணம் கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது முதலாளிகளுக்குப் புலப்பட்டது. அந்த வாசல் வழியாக வந்தவர்களுள் தலைசிறந்தவர் டென்னசியின் சாட்டனூகாவில் வறுமையில் வளர்ந்து, தெருவில் பாடிக் காசு சேர்த்த பெஸ்ஸி ஸ்மித். 1923-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் தட்டு ஆறே மாதங்களில் ஏறத்தாழ 7,80,000 பிரதிகள் விற்றதாகக் கூறுவார்கள். அவருக்குக் கிடைத்ததோ பாட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்த தொகைதான். விற்பனையில் பங்கு கிடையாது. இருந்தும் மேடை வருமானத்தில் செழித்த அவர், தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு விடுதிகளில் அறை கிடைக்காத நிலையில், தமக்கென்றே ஒரு ரயில் பெட்டியை வாங்கி, குழுவினருடன் அதிலேயே தங்கி ஊர் ஊராகச் சென்றார்.

லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1901-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அவர், புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகப் பிடிபட்டு, சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். கார்னெட் என்னும் ஊதுகருவியை முறையாகப் பயின்றது அங்கேதான். 1922-இல் குருவுக்குச் சமமான கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் தமது குழுவில் சேர அழைக்க, அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். மறு ஆண்டு ஏப்ரலில் அக்குழு இந்தியானாவின் ரிச்மண்ட் நகரிலிருந்த ஜென்னெட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றது. மைக் வராத காலம் அது. அகன்ற வாயுள்ள ஒரு பெரிய கூம்பின் முன்னே எல்லோரும் நெருக்கி நின்று வாசிக்க, அந்த ஒலியின் அதிர்வு ஓர் ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். அருகிலேயே தண்டவாளம் இருந்ததால், ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்றவர்களை விழுங்கிவிட்டதால் அவரைத் தனியே தள்ளி நிறுத்தினார்கள் என்று, அக்குழுவின் பியானோ கலைஞரும் பின்னாளில் அவருடைய மனைவியுமான லில் ஹார்டின் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நியூ ஆர்லியன்ஸ் மரபில் கார்னெட், கிளாரினெட், ட்ரோம்போன் ஆகிய ஊதுகருவிகள் மூன்றும் ஒரே நேரத்தில் பின்னிப் பிணைந்து வாசிக்கும். அங்கே மனோதர்மம் என்பது கூட்டு முயற்சி. 1925-க்கும் 1928-க்கும் இடையில் ஆம்ஸ்ட்ராங் தமது சிறு குழுக்களுடன் சிகாகோவில் பதிவு செய்த தட்டுகளில் இந்த முறை மாறுகிறது. மற்றவர்கள் பின்வாங்க, ஒருவர் மட்டும் முன்னே வந்து ஒரு கருத்தைத் தொடங்கி, வளர்த்து, முடிக்கிறார். 1928-இல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தட்டின் தொடக்கத்தில் துணைக்கருவி ஏதுமின்றி அவர் தனியே ஊதும் சில விநாடிகளை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்றும் அதில் பழமை வாடை இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே இடம் தந்த தட்டு, அவரை இறுக்கமாகச் சிந்திக்கப் பழக்கியது என்பது என் எண்ணம். அரங்கில் ஒருமுறை ஒலித்துக் காற்றோடு போயிருக்கக்கூடியதை, ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டு, தொலைதூர ஊர்களின் இளைஞர்கள் சுரம் சுரமாகப் பாடம் செய்துகொண்டார்கள். சொற்களுக்குப் பதிலாகப் பொருளற்ற அசைகளைக் கொண்டு பாடும் அவருடைய முறையும் இப்படித்தான் பரவியது. (சிகாகோவில் அவருடன் ஒரே குழுவில் வாசித்த பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் ஆசியாவுக்குக் கப்பலேறி, ஷாங்காயிலும் பம்பாயிலும் வாசித்து, 1945-இல் கல்கத்தாவில் காலமானார்.)

நாளிதழ்கள் ‘ஜாஸ் மன்னர்’ என்று கொண்டாடியது பால் வைட்மேன் என்ற வெள்ளையரை. அவரை வெறுமனே பழித்துவிட முடியாது. இசையமைப்பாளர் கெர்ஷ்வினைப் புதிய படைப்பொன்றை எழுதத் தூண்டி, 1924-இல் நியூயார்க்கில் அதை அரங்கேற்றியவர் அவர்தான். ஆயினும் அந்தப் பட்டம் பொருந்தாது என்றே சொல்வேன்.

பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டன் 1927 டிசம்பரில் தமது குழுவுடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கினார். கும்பல் தலைவர் ஒருவரின் கையில் இருந்த அந்த விடுதியில் மேடையில் இருந்தவர்கள் கறுப்பினத்தவர்; மேசைகளில் அமர்ந்தவர்கள் வெள்ளையர். ஆனால் அங்கிருந்து வானொலி அஞ்சல் செய்த இசைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் எலிங்டனின் பெயர் நாடெங்கும் பரவியது. அவருடைய ட்ரம்பெட் கலைஞர் பப்பர் மைலி, கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கருவியின் வாயில் பொத்தியும் திறந்தும் எழுப்பிய உறுமல் ஒலிதான் அக்குழுவின் அடையாளமாயிற்று. எலிங்டன் கருவிக்காக எழுதவில்லை, அதை வாசிக்கும் மனிதரின் குரலை மனத்தில் வைத்து எழுதினார்.

1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு இசைத்தட்டு வாங்கக் காசில்லாத மக்கள் வானொலியை நாடினார்கள். பெஸ்ஸியைக் கொலம்பியா 1931-இல் கைவிட்டது. 1937 செப்டம்பரில் மிசிசிப்பியில் நடந்த சாலை விபத்தில் அவர் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில், ரூடி வாலி என்ற புகழ்பெற்ற பாடகர் விடுமுறையில் சென்றபோது, அவர் நடத்திவந்த விளம்பரதாரர் நிகழ்ச்சியைச் சில வாரங்களுக்கு நடத்தும் பொறுப்பு ஆம்ஸ்ட்ராங்குக்கு வந்தது. அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பான அத்தகைய நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.