ஞாயிறு சமைத்து, புதன் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடுதான் பெரிய பாடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து வருகிற நர்ஸம்மாவுக்கும், மணலியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பு பற்றவைக்கத் தெம்பு இருக்காது. அவர்களுக்காகத்தான் ஓவனில் வைக்கும் சிக்கன் பாஸ்தாவை மொத்தமாகச் செய்து வைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பாஸ்தா நமக்கெல்லாம் ஒத்துவராது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸை, பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் நின்றபடி சாப்பிட்டு ருசி கண்ட ஊர் இது.

எட்டுப் பேருக்கு அரைக் கிலோ பென்னே (குழாய் மாதிரி இருக்கும் பாஸ்தா), முக்கால் கிலோ எலும்பில்லாத சிக்கன், ஒன்றரை லிட்டர் பால், வெண்ணெயும் மைதாவும் 75 கிராம் வீதம், சீஸ் 200 கிராம். சிக்கனைச் சின்னத் துண்டுகளாக்கி, பூண்டும் மிளகும் தாராளமாகப் போட்டு, உள்ளே சிவப்பு போகும் வரை வதக்குங்கள். கரம் மசாலா வேண்டாம், பால் சுவையை அமுக்கிவிடும். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதற்குமேல் கெட்டியாக விடாதீர்கள், பாஸ்தா சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். பாஸ்தாவையும் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் பதம். முழுக்க வெந்ததை ஓவனில் வைத்தால் களியாகிவிடும்.

எல்லாவற்றையும் கலந்து, அன்றைக்குச் சாப்பிடுகிற பங்கின்மேல் மட்டும் சீஸ் தூவி, 180 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். மீதியை அலுமினியம் ஃபாயில் டப்பாக்களில் பங்கு போட்டுச் சுடாமலே எடுத்துவையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு ராத்திரியும் மேலே புது முறுகல் கிடைக்கும்.

ஆற வைப்பதில்தான் நான் ரொம்பக் கண்டிப்பு. சமைத்ததை மேடையிலேயே மூடிவைத்துவிட்டுக் காலையில் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தண்ணீர் ஊற்றின பழைய சோறு புளிக்கும், அந்தப் புளிப்பே அதற்குக் காவல். பாலும் கோழியும் சேர்ந்த பாஸ்தாவுக்கு அந்தக் காவல் கிடையாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றிலும் பாஸ்தாவிலும் வளர்கிற பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமி விடுகிற ஒரு நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா கொதிக்க வெச்சுட்டேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

நம் சித்திரை வெயிலில் பெரிய அண்டா ராத்திரி முழுக்க ஆறாது. இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் டப்பாக்களில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்து, ஆவி அடங்கியதும் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். ஞாயிறு சமைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது புதன் வரை தாங்கும். அதற்குப் பிறகு சாப்பிடப்போவது எல்லாம் அன்றைக்கே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் வரை ருசி கெடாது. தேதி எழுதி ஒட்டுங்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி காக்கும். அதற்குமேல் போனால் கீழ்த்தட்டில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஃப்ரீசர் டப்பாவை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, சீஸ் தூவி, ஓவனில் மூடி இருபது நிமிடம், திறந்து பத்து நிமிடம். நடுவில் கரண்டி விட்டுப் பார்த்தால் ஆவி பறக்க வேண்டும். சூடாக்கினதில் மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

வணக்கம்.