தீவு ஒன்று, மழை பல

(வன்னியில் ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன், மற்றபடி பேசினது பேசினபடி.)

தலைவர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எனக்குக் கணக்குப் படிப்பித்து இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சந்தேகமாகவே பார்க்கிற முன்னாள் அதிபர் ஐயா அவர்களே, இரண்டாவது வரிசையில் போய் ஒளிந்திருக்கிற, குளத்துத் தண்ணீருக்குப் பொறுப்பான வட்ட விதானை அண்ணை அவர்களே (உங்களுக்கு முன்வரிசையில்தான் கதிரை போட்டிருக்கு, வாங்கோ அண்ணை), மாதர் சங்கத்து அம்மாமாரே, பின்னால் கைபேசி நோண்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவேணும், தலைவர் தந்த துண்டில் இவ்வளவுதான் இருக்கிறது.

எனக்குத் தந்த தலைப்பு ‘எங்கள் தீவின் பிரதேசங்களும் பொருளாதாரமும்’. நான்காகப் பிரித்துப் பேசலாம் என்று வந்தேன்: நிலம், நீர், கடல், சந்தை. எங்கே போய் நிற்பேன் என்பது என்னை முன்பு கேட்டவர்களுக்குத் தெரியும், அவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள்.

65,610 சதுர கிலோமீட்டர். உலகப் படத்தில் ஒரு விரல் நகத்துக்குக் கீழே மறைந்துவிடும் நாடு. ஆனால் இதற்குள் பெய்கிற மழையைப் பாருங்கள். மலைநாட்டின் மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் 1,250 கூட வராது. வடக்குக்கும் தெற்குக்கும் ஆயிரம் வித்தியாசம் சொல்வோம், ஆனால் ஆனையிறவில் உப்பு விளைகிற அதே வெயிலில்தான் அம்பாந்தோட்டையிலும் உப்பு விளைகிறது. வெயிலுக்கு மாகாண எல்லை தெரியாது.

எந்த ஊரில் என்ன தொழில் என்று பார்த்தால் முக்கால்வாசி மழைதான் தீர்மானித்திருக்கிறது. ஈரம் கூடிய களுத்துறை, கேகாலைப் பக்கம் இறப்பர். காலி, மாத்தறையில் கறுவா. குருநாகல், புத்தளம், கம்பஹாவைச் சேர்த்து ஒரு தென்னை முக்கோணம். இரத்தினபுரியில் ஆற்றுச் சரளைக் கல்லுக்குள் நீலக்கல்லைத் தேடிக் குழி வெட்டுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை என்றால் வயல், வயல், வயல். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் செம்மண், வெங்காயம், புகையிலை, பனை. கொழும்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மேல் மாகாணம் நிலத்தில் ஆறு வீதம்கூட இல்லை, நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஏன் இரவு பஸ் ஏறுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மலையகத்துக்கு வருகிறேன். முதலில் கோப்பிதான் போட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து, சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக அடித்துக்கொண்டு போனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னம், 1867இல், கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துபோய் அந்த மலையை வெட்டித் திருத்திய சனத்தின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வழியில் செத்தவர்களும் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு கூட்டம் வைக்கவேணும், தலைவர் குறித்துக்கொள்ளட்டும்.

இப்போது தண்ணீர். “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பார் என் அப்பு. கடைக்காரனுக்கும் சொல்வார், சம்பந்தம் பேச வந்தவர்களுக்கும் சொல்வார். ஆற்றிலே போடுவதையே அளக்கச் சொன்ன சனம் நாங்கள், ஆற்றில் வருவதை அளக்கிறோமா?

மகாவலி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. 1976இலிருந்து பொல்கொல்லையில் ஒரு பங்கைத் திருப்பி வடமத்திய மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள். அதாவது மலையில் பெய்த மழையில் அனுராதபுரத்தில் நெல் விளைகிறது. நல்லது. ஆனால் தண்ணீரோடு மண்ணும் வரும். வெலிமடைப் பக்கம் சரிவில் உருளைக்கிழங்குக்குக் கொத்துகிற மண் உமா ஓயா வழியே வந்து மகாவலியின் ரன்தம்பே நீர்த்தேக்கத்தின் அடியில் படுக்கிறது. மேலே தோட்டக்காரனுக்கு மண் நட்டம், கீழே வயல்காரனுக்குத் தண்ணீர் நட்டம். அளந்து போடு என்றால் இதையும் சேர்த்துத்தான்.

வரண்ட பிரதேசத்தில் முன்னோர் செய்த கெட்டித்தனம் வேறு மாதிரி. ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள குளத்துக்குப் போகும், அது நிரம்பினால் அடுத்ததற்கு. சங்கிலி மாதிரி. அருவியாற்றைப் பாருங்கள், அனுராதபுரம் பக்கம் தொடங்கி, தேக்கம் அணையில் திரும்பி, மன்னாரில் கட்டுக்கரைக்குளத்தை நிரப்புகிறது. மேலே சிங்களக் கமக்காரன், கீழே தமிழ், முஸ்லிம் கமக்காரன், ஒரே தண்ணீர்.

இந்தச் சங்கிலி எப்படி வேலை செய்யும் என்பதற்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று. கதாநாயகன் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன், அவர் மனைவி முறைக்கிறா. மாப்பிள்ளை ஹட்டன் பக்கம். பிறந்த நாளிலிருந்து குடையோடு திரிந்த பிள்ளை. ஆவணியில் கலியாணம். குளம் காய்ந்து, பெடியள் நடுவில் விக்கெட் நட்டு விளையாடுகிறார்கள். மாப்பிள்ளை பார்த்தார். “என்னங்க மாமா, எங்க ஊர்ல சரிவு இல்லாம நாலடி நிலம் கிடையாது, இங்க இம்புட்டுப் பெரிய கிரவுண்டா!” மாமனாருக்கு மருமகனைத் திருத்த மனம் வரவில்லை. புது மாப்பிள்ளை அல்லவா, “ஓம் தம்பி” என்றுவிட்டார்.

தீபாவளிக்குத் திரும்பவும் வந்தார், புது மோட்டார் சைக்கிளில், ஹான்டிலில் சந்தனப் பொட்டு கூடக் காயவில்லை. நேரே கிரவுண்டில் இறக்கி, மருதமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மட்டையைப் பிடித்தார். இருட்டும்போது உதைத்துப் பார்க்கிறார், வண்டி கிளம்பவில்லை. சரி, காலையில் பார்ப்போம், கிரவுண்டில் யார் எடுக்கப்போகிறார்கள் என்று நடந்து வந்துவிட்டார். அன்றிரவு வானம் பிரிந்தது. எங்களுக்கு மேலே மூன்று குளம். ஒன்று உடைத்துக்கொண்டு அடுத்ததில், அது எங்களுடையதில். விடிய மாப்பிள்ளை அணைக்கட்டில் நின்று கேட்கிறார்: “மாமா, நம்ம கிரவுண்டக் காணோம்!” பார்த்தால் வெள்ளத்துக்கு மேலே இரண்டு கண்ணாடி மட்டும், மாட்டுக்கொம்பு மாதிரி.

ஊரே சிரிக்கிறது. வட்ட விதானை அண்ணை, இதே அண்ணைதான், சிரிக்கவில்லை. “தம்பி, என்ரை அப்பர் காலத்தில் எண்டால் உமக்குக் கண்ணாடியும் தெரிஞ்சிருக்காது. அவ்வளவு ஆழம். இப்ப முழுக்க மண்” என்றார்.

அந்தக் கண்ணாடிதான் என்னுடைய பேச்சு. அந்தக் குளம் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று யாருக்காவது தெரியுமா? இரணைமடுப் பெரிய குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும், வானொலியிலும் சொல்வார்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற சின்னக் குளங்கள்தான் ஊர் ஊராக இருக்கின்றன, அவற்றை யாரும் அளப்பதில்லை. பணம் வருகிற ஆண்டு ஒரு ஒப்பந்தக்காரர் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தோடு வருவார். அணைக்கட்டின் அடியிலேயே தோண்டி, அந்த மண்ணையே அணையில் போட்டு, பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போவார். எத்தனை கியூப் மண் எடுத்தார்? எங்கே எடுத்தார்? வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசின் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு வராது, மாடு குடிக்கலாம், அவ்வளவுதான். கேட்டால் கோப்பில் இருக்கிறது என்கிறார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், குளத்தில் எடுத்தாலும் அளந்து எடு.

யாழ்ப்பாணத்தாருக்கு ஆறு இல்லை, மழைக்கு ஓடுகிற வழுக்கியாறு ஒன்றுதான். நிலத்துக்கடியில் உப்புநீரின் மேல் மிதக்கிற நன்னீரை நம்பித்தான் அவ்வளவு தோட்டமும். துலாவால் இறைத்த காலத்தில் கையே அளவு சொன்னது. மோட்டர் போட்ட பிறகு அந்த அளவு போய், கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுகிறது. அங்கேயும் தாமரைக்குளமும் கேணியும் தூர்ந்து கிடக்கின்றன, நிலத்துக்குள் தண்ணீர் இறங்க வழி வேண்டுமே.

கடலைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மன்னாரில் முத்துக் குளித்தார்கள், திருகோணமலை மாதிரி இயற்கைத் துறைமுகம் கிடைப்பது அரிது, மீனவர் பாடு தனிப் பாடு. சந்தை? தலைவர் மணியைப் பார்க்கிறார். இங்கே விளைகிற மரக்கறி தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்த் திரும்பி எங்கள் சந்தைக்கே வருகிற கதையைத் தேநீர் குடிக்கும்போது சொல்கிறேன்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் குளத்தின் பெயர், எத்தனை ஏக்கர் வயல், கடைசியாக எந்த ஆண்டு வான் பாய்ந்தது, மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். புரட்டாதியில் குளம் வற்றியதும் கயிறும் அளவுத்தடியும் கொண்டு நாங்களே இறங்குவோம், அளவெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் கேட்போம். அதிபர் ஐயா, கூட்டல் கழித்தலை நீங்கள்தான் சரிபார்க்கவேணும், என்னுடையதை நம்பவேண்டாம். அடுத்த முறை எனக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்குக் கயிறு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.