செம்பெய் விற்று ஓடும் ரயில்

அவையோருக்கு வணக்கம். ஜப்பான் ரயில் என்றதும் புல்லட் ரயிலை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்லப்போவது 6.4 கிலோமீட்டரே நீளமுள்ள ஓர் ஒற்றைத் தடத்தின் கதை. பத்து நிலையங்கள், இருபது நிமிடப் பயணம். சோஷி மின்சார ரயில்வே என்று பெயர்.

டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாகாணத்தின் கடைக்கோடியில், தோனே ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சோஷி நகரம். மீன்பிடித் துறைமுகம்; நானூறு ஆண்டுகளாகச் சோயா சாஸ் காய்ச்சும் ஊரும்கூட. இரண்டாவது நிலையமான நகானோச்சோவில் சாஸ் ஆலையின் வாசம் பிளாட்பாரம் வரை வரும். இந்தத் தடம் 1923இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் 1913இல் அதே ஊரில் வேறொரு கம்பெனி ரயில் விட்டது. முதல் உலகப் போரில் இரும்பு விலை ஏறவே, ஓட்டுவதைவிடத் தண்டவாளத்தைப் பெயர்த்து விற்பதே லாபம் என்று 1917இல் கடையைக் கட்டிவிட்டார்கள். ஊரின் ராசி அப்படி!

இனி செம்பெய்க்கு வருவோம். அது ஜப்பானிய அரிசிப் பலகாரம்; இந்த ரயில்வே விற்பது நுரே செம்பெய் என்ற ஈர வகை. அரிசிமாவு வில்லையை நெருப்பில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் சோயா சாஸில் முக்கி எடுக்கிறார்கள். கடித்தால் நொறுங்காது, நமுத்துப்போன முறுக்கைப்போல் பல்லோடு இழுபடும். நம் வீட்டில் என்றால் டப்பாவைச் சரியாக மூடாதவருக்குத் திட்டு விழும். அங்கே அதற்குத்தான் காசு. ரயில்வே கம்பெனி 1995இல் இதை விற்கத் தொடங்கியது.

2006இல் நெருக்கடி முற்றியது. முன்னாள் தலைவர் கம்பெனியின் பெயரில் கடன் வாங்கிச் சுமார் 11 கோடி யென்னைச் சுருட்டியிருந்தார். அரசு மானியம் நின்றது. பெட்டிகளுக்குச் சட்டப்படி செய்தாக வேண்டிய பராமரிப்புச் சோதனைக்குப் பணமில்லை. சோதனை முடியாமல் பெட்டி தடத்தில் இறங்க முடியாது. நவம்பரில் தங்கள் இணையத்தளத்தில் வெளிப்படையாகவே எழுதினார்கள்: செம்பெய் வாங்குங்கள், ரயிலைப் பழுதுபார்க்க நாங்கள் சம்பாதித்தாக வேண்டும். நாடெங்கிலுமிருந்து ஆர்டர்கள் குவிந்தன. ரயில் பிழைத்தது.

எல்லாரும் கைதட்டுவது இந்த இடத்தில்தான். எனக்கோ இங்கேதான் நெருடுகிறது. ரயிலும் கடையும் சேர்ந்து பிழைப்பது ஜப்பானில் புதிதல்ல. ஒசாகாவில் கோபயாஷி இச்சிசோ தம் ஹான்க்யூ ரயில் புறப்படும் உமேதா நிலையத்திலேயே 1929இல் பல்பொருள் அங்காடி திறந்தார். தடத்தின் ஓரத்தில் வீட்டுமனைகள் விற்றார்; மறுமுனையில் தகராசூகா நாடகக் குழுவை வளர்த்தார். மனை வாங்கியவரும், சேலைக்கு நிகரான கிமோனோத் துணி எடுக்க வந்தவரும், நாடகம் பார்க்கப் போனவரும் அவர் ரயிலில்தான் ஏறினார்கள். கடை ரயிலுக்கு ஆள் சேர்த்தது.

சோஷியின் கணக்கு வேறு. வடகோடித் தீவான ஹொக்காய்தோவில் இருப்பவர் வீட்டிலிருந்தே ஒரு பெட்டி செம்பெய் தருவிக்கிறார். காசு வருகிறது, பயணி வருவதில்லை. 1960களில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்த ஊரின் மக்கள்தொகை இன்று ஏறக்குறைய அறுபது விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் ஏறும் ரயிலை, அதில் ஒருநாளும் ஏறாதவர்களின் வாய்ருசி தாங்குகிறது. அந்த ருசி எத்தனை நாளைக்கு? 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். 2013இல் சொந்தக் காலில் மீள முடியாது என்று கம்பெனியே உள்ளாட்சிகளிடம் உதவி கேட்டது.

ஊழியர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2012இல் தலைவரான தகேமோதோ கத்சுனோரி ஒரு வரிக் கணக்காளர். பின்னர் ரயில் ஓட்டும் உரிமமும் வாங்கினார். நிலையங்களின் பெயர் சூட்டும் உரிமையை விற்றார்கள். கோடையில் பேய்வீட்டு ரயில் விட்டார்கள். 2014இல் ஒரு வண்டி தடம்புரண்டபோது, உள்ளூர் வணிக மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையம் வழியே நிதி திரட்டினார்கள். 2010இல் சேர்த்த பெட்டிகள் முதலில் டோக்கியோவின் கெய்ஓ ரயிலிலும் பிறகு மத்சுயாமா நகரத்திலும் ஓடித் தேய்ந்தவை. மூன்றாம் கைக்கு வந்த அந்தப் பெட்டிகளை ஓடவைக்கப் பட்டறைத் தொழிலாளர்கள் பட்ட பாட்டை யாரும் பொட்டலம் கட்டி விற்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழியைப் பலகாரக் கடையின் வரவுக்குப் பிணைத்து வைப்பது சாமர்த்தியமாக இருக்கலாம். போக்குவரத்துக் கொள்கை ஆகாது. தடத்தின் செலவை ஊர் ஏற்கட்டும், செம்பெய் லாபம் மேல்வரவாக இருக்கட்டும் என்பதே என் கட்சி. உங்களில் யாராவது டோக்கியோ போனால், ஷியோசாய் விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்தில் சோஷி வந்துவிடும். அங்கே முதலில் இந்தத் தடத்தின் கடைசி நிலையமான தோகாவா வரைக்கும் டிக்கெட் எடுங்கள். செம்பெய் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.